சுங்கம் தவிர்த்த சோழன்

காந்திபுரத்தினின்றும் புறப்பட்டு, உக்கடங் கடந்து, மேற்கே பாலைக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்வோர் வாளையாற்று எல்லையை அடைவர். நம் சங்கத்தாருள் லாரித் தொழில் நடத்துவோரும், பஞ்சு, நூல், துணி முதலிய சரக்குக்களை மலையாள நாட்டிற்கு அனுப்புவோரும் பலராதலின், அவ்வெல்லையிலிருந்த சோதனைச் சாவடியைப் பற்றி யாம் விரித்துரைத்தல் வேண்டா. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சாவடிகள் நீங்கும் வரையில், சரக்கேற்றிய வண்டிகள் அங்கு நெடிய வரிசையாய்க் காத்துக் கிடந்தமையை நம்மில் அறியாதார் யாவர்? அவ்வழியோ மிகப் பழையது. சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையொன்றில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அது முதல் ஆதித்த சோழன் காலத்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். நம் நகரினுள்ளேயே திருச்சிச் சாலையில் சுங்கம் என்றோர் இடம் உளது. இவ்வாறு சுங்கமும் சாவடியும் வாழ்க்கையோடு பிணைந்துள்ள நம்மவர், சுங்கத்தை நீக்கினமையானே பெயர்பெற்ற வேந்தன் ஒருவனது வரலாற்றை அறிதல் நலமென எண்ணி, முதற் குலோத்துங்க சோழனைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தனம்.

பரணி பெற்ற வேந்தன் என்ற அளவில் அவனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். கலிங்கத்தை வென்றமையே அவன் பெருமை என எண்ணுதல் பெரும்பான்மை வழக்கு. எமக்கோ அவனது உண்மைப் பெருமை பிறிதோரிடத்தில் உளதென்று தோன்றுகின்றது. அரியணை வெறிதாகி, ஊர்கள் தீப்பட்டு, வென்ற நாடுகளெல்லாம் கைநழுவிய காலத்திலே சோழநாட்டை ஏற்று, எதனை மீட்பது, எதனை விட்டுவிடுவது என்று ஆய்ந்து, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நிலைபெறுமாறு அதனைத் திரும்பக் கட்டியவன் அவன்.

அவன் பிறப்பினை முதற்கண் நோக்குவாம். தஞ்சையில் பெரிய கோயிலை எடுப்பித்த முதல் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சளுக்கிய வேந்தனாகிய விமலாதித்தனுக்கு மணஞ்செய்து கொடுத்தனன். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன். நன்னயப் பட்டரைக் கொண்டு தெலுங்கிலே பாரதம் பாடத் தொடங்குவித்தவன் இவனே. இவன் தன் மாமனாகிய கங்கைகொண்ட இராசேந்திர சோழனது மகள் அம்மங்கை தேவியை மணந்தனன். இவ்விருவர்க்கும் பிறந்த மகனே நம் குலோத்துங்கன். தாய்ப்பாட்டனது பெயரையே தாங்கி இராசேந்திரன் என இளமையில் வழங்கப்பட்டான். பின்னர் இவனும் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனது மகள் மதுராந்தகியை மணந்தனன். ஆகவே, தந்தை வழியாற் சளுக்கியனேனும், உடம்பில் ஓடிய குருதியாற் பெரிதும் சோழனே. மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நம்மனோர்க்கு இவ்வுறவு முறையை விளக்குதல் மிகை.

கி.பி. 1061-இல் தந்தை இறந்தனன். வேங்கி நாட்டு அரசுரிமை முறைப்படி இவனுக்கு உரியது. ஆயினும் சிறிய தந்தை விசயாதித்தன் அதனைக் கைக்கொண்டான். உரிமையிழந்த இளவரசன் வடக்கே சக்கரக்கோட்டம், வயிராகரம் முதலிய காட்டு நாடுகளிற் போர் செய்து, யானைகளைப் பற்றிக் கொணர்ந்து, தன் தோள்வலி ஒன்றனையே துணையாகக் கொண்டு வாழ்ந்தமை அவனுடைய முதலாண்டுக் கல்வெட்டுக்களால் அறியக் கிடக்கின்றது.

அக்காலத்துச் சோழநாடு வெளிப்பார்வைக்கு மிகப் பெரியது, உள்ளே களைப்புற்றது. துங்கபத்திரைக் கரையில் மேலைச் சளுக்கியரோடு தலைமுறை தலைமுறையாகப் போர். 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் முதல் இராசாதிராசன் யானைமேலிருந்தபடியே உயிர் துறந்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் அக்களத்திலேயே முடிசூடினன். அவனுக்குப் பின் வந்த வீரராசேந்திரனும் வாளை உறையிலிட்டறியான். போருக்குப் பொருள் எங்கிருந்து வரும்? உழுபவன் கொடுத்த கடமையும் வணிகன் கொடுத்த சுங்கமுமே அல்லவோ?

1070-இல் வீரராசேந்திரன் இறந்தனன். அவன் மகன் அதிராசேந்திரன் தனியரசு செலுத்தியது சில கிழமைகளே. அச் சில கிழமைகளில் நிகழ்ந்தது யாது என்பதில் மூன்று கூற்றுக்கள் உள. சளுக்கிய விக்கிரமாதித்தனது அவைக்களப் புலவனாகிய காசுமீரத்துப் பில்கணன், தன் தலைவன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து, மைத்துனனாகிய அதிராசேந்திரனை அரியணையேற்றி மீண்டதாகவும், மீண்ட சின்னாளிலேயே நாட்டிற் கலகம் மூண்டு அம்மைத்துனன் மடிந்ததாகவும், வேங்கி வேந்தன் சோழர் அரியணையைக் கவர்ந்ததாகவும் பாடினன். நம் சயங்கொண்டாரோ, வேந்தன் இறந்தமையால் அறம் நிலைகுலைந்து நாடு அல்லற்பட்ட பொழுது குலோத்துங்கன் வந்து காத்தான் என்ற கருத்துப்படப் பரணியிற் பாடினர். மூன்றாவது கூகூர்க் கல்வெட்டு. அதிராசேந்திரனது நோய் நீங்குமாறு அவ்வூர்க் கோயிலில் திருப்பதியம் ஓதப்பட்டமையை அது குறிக்கும். அதுகொண்டு அவன் பிணியால் இறந்தனன் என்பாரும் உளர்.

இதனை வகுப்பிற் கற்பித்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, தீயை மூட்டியவன் யார், ஐயா, என்று எம்மை வினவினன். பகைவனுடைய புலவன் ஒன்று சொல்லுவான், உண்ட வீட்டுப் புலவன் மற்றொன்று சொல்லுவான், கல் பாதி சொல்லி நிற்கும் என்று விடையிறுத்தோம். அம்மாணவன் அமைதியுற்றதாகத் தோன்றவில்லை. யாமும் முற்றும் அமைதியுற்றோமல்லோம். அரியணை வெறிதாயின் தனக்கு ஆகும் என்பதை அறிந்திருந்தான் குலோத்துங்கன் என்பதில் ஐயமின்று. அவனைக் குற்றமற்றவன் என நிறுவுதல் எம் நோக்கமன்று.

கலகத்தின் கொடுமை எத்தன்மைத்து என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். இராசமகேந்திர சதுர்வேதிமங்கலம் என்ற ஊரின் கல்வெட்டு, குலோத்துங்கனது பதினோராம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பெற்றது. அவனது இரண்டாம் ஆண்டில் வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் போர் மூண்டு, ஊர் எரிந்து, கோயில் இடிந்து, தெய்வத் திருமேனிகளும் கோயிற் பண்டாரமும் கொள்ளை போயினமையை அது கூறுகின்றது. இங்கு வந்த பகைவர் சளுக்கியரோ சிங்களவரோ அல்லர்; ஒரே குளத்தில் நீருண்டவர், ஒரே அறுவடையில் நெல் பெற்றவர். வகுப்பார் சங்கம் ஒன்றன் இதழில் எழுதும் யாம் இச்செய்தியை மெல்லக் கடந்து போதல் எளிது. ஆயினும் கடந்து போதல் தகாது. நம் வகுப்பின் பெருமை பேசும் கூட்டங்களில் இக்கல்வெட்டினை ஒருமுறை படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குதல் நன்றென்பது எம் கருத்து. சிலர் எம்மோடு உடன்படார் என்பதும் அறிவோம்.

1070-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் குலோத்துங்கன் கங்கைகொண்ட சோழபுரத்தில் முடிசூடினன். முதல் நான்கு ஆண்டும் இராசகேசரி இராசேந்திரன் என்றே கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றான். ஐந்தாம் ஆண்டளவிலே தான் குலோத்துங்கன், அஃதாவது குலத்தை உயர்த்துபவன், என்ற பெயரைப் புனைந்துகொண்டான். வந்தேறி என்று தன்னை எவரேனும் இகழ்வரோ என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் இருந்திருத்தல் கூடும். தந்தை குலப் பெயரை விடுத்துச் சோழனாகவே ஒழுகிய அவனுக்கு அப்பெயர் வேண்டியிருந்தது.

அவன் ஏற்ற அரசின் நிலை இது. ஈழம் போயிற்று: இராசராசன் காலமுதல் எழுபத்தைந்து ஆண்டளவும் சோழர் ஆட்சியிலிருந்த அத்தீவில், விசயபாகு என்னும் சிங்கள வீரன் இக்குழப்பத்தைத் தனக்குத் துணையாக்கிப் பொலன்னறுவையைக் கைப்பற்றினன். பாண்டிநாட்டில் பாண்டியர் ஐவர் தலையெடுத்தனர், சேரநாடும் கட்டறுத்துக்கொண்டது. வேங்கியிலே சிறிய தந்தை. வடமேற்கே ஆறாத பகையோடு விக்கிரமாதித்தன்.

இந்நிலையில் வேறோர் அரசனாயின் ஈழத்தின் மேற் படையெடுத்திருப்பன். முன்னோர் வென்ற நாட்டை இழந்தவன் என்ற பழிச்சொல்லைப் பொறுத்தல் முடியுடையார்க்கு அரிது. குலோத்துங்கன் அதனைப் பொறுத்தான். ஈழத்தை அவன் மீட்க முயன்றிலன். பின்னாளில் தன் மகள் சுத்தமல்லியாழ்வாரை ஈழத்து அரசகுமரன் வீரப்பெருமாளுக்கு மணஞ்செய்து கொடுத்தனன். கடலுக்கு அப்பால் விசயபாகுவும் தன் நாட்டைத் திரும்பக் கட்டும் தொழிலிலேயே ஈடுபட்டிருந்தான். துறவு முறையாகக் கொடுத்தற்கு வேண்டும் பிக்குகள் ஐவர்தாமும் ஈழத்திற் கிடையாமையின், பர்மா நாட்டினின்றும் பிக்குகளை வருவித்துச் சங்கத்தை நிலைநிறுத்தினான் என்று மகாவமிசத்தின் பிற்பகுதி கூறும். அந்நிலை சோழர் ஆட்சியின் விளைவுகளுள் ஒன்று என்பதையும் தமிழராகிய நாம் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

தெற்கே அவன் செய்தது வேறு வகை. பாண்டியரையும் சேரரையும் போரில் வென்று, கோட்டாற்றரணை எரித்து, விழிஞத்தையும் காந்தளூர்ச் சாலையையும் கைப்பற்றினன். ஆயினும், பாட்டன் செய்தவாறு சோழ பாண்டியன் எனப் பெயரிட்டுத் தன் மகனொருவனை மதுரையில் அமர்த்தி ஆளச் செய்திலன். கோட்டாறு செல்லும் பெருவழி நெடுகிலும் நிலைப்படைகளை அமைத்துத் திறை மட்டும் பெற்று, உள்நாட்டு நிருவாகத்தை அவ்வந் நாட்டார் கையிலேயே விடுத்தான். வெல்லுதல் ஒன்று, ஆளுதல் மற்றொன்று என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

வேங்கியிலும் அவன் பொறுமை காத்தான். சிறிய தந்தை இறக்குமளவும் அவனையே ஆளவிடுத்து, அதன் பின்னரே, 1076-இல், தன் மகன் இராசராச மும்முடிச் சோழனை அரசப் பிரதிநிதியாய் அனுப்பினன். அம்மகனோ ஓராண்டிலே திரும்பி வந்துவிட்டான். அரசு செலுத்தும் இன்பத்தினும் தாய்தந்தையர் அடிக்கீழ் இருக்கும் இன்பமே பெரிதென்று அவன் கருதினான் எனப் பின்வந்த தம்பி வீரசோடனது செப்பேடு கூறுகின்றது. உண்மைக் காரணம் அதுவோ, தெலுங்க நாட்டின் தொல்லையோ, அறியோம். எனினும், பெற்றோரைப் பிரிந்து அயலூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளையுடைய இல்லங்களில் அச்செப்பேடு சிறிது உருக்கமாகவே படிக்கப்படும்.

இனிச் சுங்கம். வணிகர் சரக்கின் மேல் துறைதோறும் வழிதோறும் வாங்கப்பட்ட ஆயத்தைக் குலோத்துங்கன் நீக்கினன். களைத்த அரசுக்குப் பொருள் மிகத் தேவையான காலம் அது. அக்காலத்திலே வருவாயின் வாய்க்காலொன்றை அரசனே அடைத்தான் என்பதை நினைத்தல் வேண்டும். இச்செயலின் நுட்பத்தை வணிகர் எளிதில் உணர்வர். கலகத்தால் அஞ்சிய வணிகன் சரக்கைப் பதுக்குவான். வழிதோறும் சாவடியிருப்பின் பதுக்கிய சரக்கை வெளியில் எடான். சரக்கு வெளிவராவிடின் உழவன் விளைத்த நெல்லுக்கும் சேணியன் நெய்த துணிக்கும் விலையில்லை. விலையில்லையேல் கடமை செலுத்துவார் யார்? சாவடியிற் கிடைக்கும் காசு கைக்குத் தெரியும். சாவடியால் வராமற்போன சரக்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இதனைக் கண்டமையே அவன் அறிவுடைமை. மக்கள் அவனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயரிட்டனர். கடாரங்கொண்டான், ஈழங்கொண்டான் எனக் கொண்டமையாற் பெயர்பெற்ற வேந்தர் பலருளர். தவிர்த்தமையாற் பெயர்பெற்றான் இவன்.

வணிகம் தழைத்ததா எனின், சான்றுகள் கடலுக்கு அப்பாலும் உள. 1077-இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் அடங்கிய தூதுக்குழு சீனப் பேரரசரிடம் சென்றது. கண்ணாடிக் கலங்கள், கருப்பூரம், பட்டாடை, காண்டாமிருகக் கொம்பு, யானைத்தந்தம், பன்னீர், பெருங்காயம், வெங்காரம், கிராம்பு ஆகியவற்றைக் காணிக்கையாக வைத்து, 81,800 சரம் செப்புக் காசு மீட்பரிசிலாகப் பெற்று அது மீண்டமையைச் சீனநாட்டு வரலாற்று நூல் குறித்துள்ளது. பெயர் காணிக்கையே ஆயினும் இது நல்ல வாணிகமே என்று நம் வணிக அன்பர்கள் கூறுவர். சுமத்திராத் தீவின் பாரூசு என்னும் துறையில் 1088-ஆம் ஆண்டில் நம் ஐந்நூற்றுவர் வணிகக் கணத்தார் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர். விசாகப்பட்டினம் குலோத்துங்க சோழபட்டினம் எனப் பெயர்பெற்றது. 1090-இல் கடாரத்தரசன் தூதர் வந்து வேண்ட, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகள் சிலவற்றை இவன் நீக்கிக் கொடுத்தமையை லெய்டன் செப்பேடுகள் எனப்படுவனவற்றுள் சிறியது உரைக்கும். பாட்டன் கடாரத்தின்மேற் கலஞ் செலுத்திப் போர்புரிந்தான். பேரனிடம் அதே கடாரத்தார் விண்ணப்பத்தோடு வந்தனர்.

சுங்கத்தை விடுத்தவன் நிலத்தை விடுத்தானல்லன். 1086-இல், தன் பதினாறாம் ஆட்சியாண்டில், நாடு முழுதும் நிலம் அளப்பித்தான். இவ்வாண்டிலேயே மேலைக்கடல் கடந்த இங்கிலாந்தில், நார்மண்டியினின்று வந்து அந்நாட்டைப் போரால் வென்ற வில்லியம் வேந்தனும் நிலமும் உடைமையும் கணக்கெடுப்பித்தது வியத்தற்குரிய ஒற்றுமை. ஒருவரையொருவர் கனவிலும் அறியாத இருவேந்தரும், புறத்தேயிருந்து வந்து குழப்பத்திடையே அரியணை ஏறியவராதலின், நாட்டில் உள்ளது இன்னதென்று முதற்கண் அறிய விழைந்தனர் போலும். கலகத்தால் வரப்புக்கள் அழிந்திருக்கும். வலியவன் மெலியவன் நிலத்தை உழுதிருப்பான். கோலால் அளந்து ஓலையில் எழுதினாலன்றி வழக்குத் தீராது. பட்டாவிற்கும் வரப்புக்கும் வழக்காடுதலை நம் கொங்குநாட்டு உழவர்க்கு யாம் கற்பித்தல் வேண்டுமோ?

கோயிற் பணிகளைச் சுருங்கக் கூறுவாம். மன்னார்குடியில் குலோத்துங்க சோழ விண்ணகரம் எழுந்தது. தொண்டைநாட்டு மணவிற் கூத்தனாகிய நரலோகவீரன் என்னும் தலைவன் தில்லையில் மண்டபங்களும் பொன் வேய்தலும் செய்து, தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தான். இராமாநுசர்க்குத் துன்பஞ் செய்ததாக வைணவ குருபரம்பரை கூறும் சோழன் இவனே என்பாரும், பிறிதொருவன் என்பாரும் உளர். அவ்வழக்கில் யாம் புகேம்.

கலிங்கப் போர் 1110-ஆம் ஆண்டினை ஒட்டி நிகழ்ந்தது. அனந்தவர்மன் என்னும் கலிங்க வேந்தன் திறை கொடாமையின், வண்டை நகர்க் கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் படை சென்று வென்றது. அனந்தவர்மனுடைய தாய் சோழர் குலத்து இராசசுந்தரி என்பதைப் பரணியின் முழக்கத்தில் பலரும் மறந்துவிடுகின்றனர். உறவினர் போரில் தொடங்கிய ஆட்சியில் இதுவும் ஓர் உறவினர் போரே. இப்போரால் கலிங்கம் சோழர் ஆட்சிக்குள் நிலையாக வந்ததுமில்லை. பாட்டு நின்றது.

முதுமையில் அவன் இழந்தவையும் சிலவல்ல. 1116-ஐ ஒட்டிப் போசள விட்டுணுவர்த்தனன், சோழர் சார்பில் அங்கிருந்த அதியமானை வென்று தலைக்காட்டைக் கைப்பற்றினன், கங்கபாடி போயிற்று. நம் கொங்குநாட்டின் வடவெல்லைக்கு அப்பாற் புதிய வல்லரசு ஒன்று தோன்றியது. 1118-இல், வேங்கியிலிருந்த மகன் விக்கிரம சோழனைத் தனக்கு உதவியாகத் தெற்கே அழைத்துக்கொண்டான். தலைவனின்றி நின்ற வேங்கியில் பழைய பகைவனாகிய விக்கிரமாதித்தனது படை புகுந்தது. பிறந்த நாட்டைக் கொடுத்துப் புகுந்த நாட்டைக் காத்தான் எனலாம். அரை நூற்றாண்டு ஆண்டு, 1120-ஐ அடுத்த ஆண்டுகளில் அவன் மறைந்தனன். அரியணைக்கு மறுபடி கலகம் எழவில்லை. விக்கிரம சோழன் அமைதியாக முடிசூடினன்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் கங்கைகொண்ட சோழபுரஞ் சென்றிருந்தோம். குலோத்துங்கன் வீற்றிருந்த அரண்மனையின் இடம் மாளிகைமேடு என்ற பெயரோடு செங்கற் சிதைவாய்க் கிடந்தது. கோயில் மதிலின் கற்களையே 1836-இல் கொள்ளிடத்து அணைக்கட்டிற்கு எடுத்துச் சென்றனர் எனின் அரண்மனை நிற்பதெங்ஙனம்? திரும்புகையில் தஞ்சையை அடைந்து, 1911-இல் கரந்தைத் தமிழ்ச்சங்கம் தோன்றிய ஊராதலின் கரந்தையைக் காண விழைந்து சென்றோம். கருந்திட்டைக்குடி என்பது அதன் பழம்பெயர். சுங்கம் தவிர்த்த சோழநல்லூர் என்பது சோழர் காலத்தில் அதற்கு வழங்கிய மற்றொரு பெயர். கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அப்பெயரைச் சொன்னோம். எப்போது தவிர்த்தார்கள், ஐயா, என்று அவர் ஆர்வத்தோடு வினவினர். ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகளுக்கு முன் என்றோம். அவர் நகைத்துவிட்டு அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டனர்.